ஒஸ்ரியர்: சிக்கனமா, கண்டிப்பா, கயர்ப்பா?

முறிகண்டியான்:
எல்லாருக்கும் வணக்கம். கிளிநொச்சியில உயர்தரப் பிள்ளையளுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறன். ஏ, யூ, எஸ், ரீ, ஈ, ஆர், ஈ எண்டு எழுத்துக்கூட்டுற ஒரு சொல் இருக்கெல்லோ, ஒஸ்ரியர். பயிற்சித்தாள் ஒண்டில மூண்டு வசனத்தில வந்திட்டுது. ஒண்டில ஒரு கிழவர் ஒஸ்ரியர். அடுத்ததில ஒரு மண்டபம் ஒஸ்ரியர். கடைசியில ஒரு நாட்டின்ரை வரவுசெலவுத் திட்டம் ஒஸ்ரியர்.

அகராதியைப் பார்த்துக் கிழவருக்குக் 'கடுமையான', மண்டபத்துக்கு 'ஆடம்பரமற்ற', வரவுசெலவுக்கு 'சிக்கனமான' எண்டு எழுதிக் குடுத்தன். முன்வாங்குப் பிள்ளை ஒண்டு கேட்டுது: "சேர், எங்கட அம்மம்மா நல்ல சிக்கனம், ஆனா ஒருத்தரையும் ஏசமாட்டா. சிக்கனத்துக்கும் கடுமைக்கும் என்ன சொந்தம்?" கேள்வி நியாயம்தானே. இந்தச் சொல்லின்ரை அடி எது? மூண்டையும் ஒண்டாப் பிடிக்கிற தமிழ் இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

நெடுங்கேணி நேசன்:
சேர், உதுக்கு இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. ஒஸ்ரியரின்ரை பெயர்ச்சொல் ஒஸ்ரெரிற்றி, அப்பிடியெண்டால் சிக்கனம். பேப்பரில 'சிக்கன நடவடிக்கை' எண்டுதானே வருகுது. 2022 ஏப்ரலில நாடு கடன் கட்டேலாது எண்டு கையை விரிச்ச நாளில இருந்து தலைப்புச் செய்தி எல்லாம் உதுதான். பிள்ளையளைக் குழப்பாமல் அதையே குடுங்கோ.

குளக்கட்டு:
தம்பி முறிகண்டியான், அந்தப் பிள்ளை கேட்டது நல்ல கேள்வி. நேசன் சொல்வது இந்தச் சொல்லின் கடைசிப் பேரப்பிள்ளையை மட்டும். பாட்டன் வேறு இடத்தில் இருக்கிறார்.

இந்தச் சொல் பிறந்த இடம் நாக்கு. பழைய கிரேக்கத்தில் 'அவொஸ்' என்றால் உலர்ந்தது. அதிலிருந்து வந்தது 'அவுஸ்தேரொஸ்'. வாய்க்குள் போட்டதும் நாக்கை வறட்டி, கன்னத்தை உள்ளுக்கு இழுக்கிற சுவைக்கு அந்தப் பெயர். பழுக்காத பழத்துக்குச் சொன்னார்கள், இனிப்பில்லாத முரட்டு வைனுக்குச் சொன்னார்கள். கிரேக்க மருத்துவர்கள் நோயாளிக்கு எந்த வைன் ஆகும், எது ஆகாது என்று பிரிக்கும்போது இனிப்பான வைனுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தது இதைத்தான்.

பிறகு மனிதருக்கு வந்தது. வாயை வறட்டுகிற காயைப்போல, கிட்டப்போனால் முகத்தைச் சுருங்க வைக்கிற ஆள். லத்தீனுக்கு 'அவுஸ்தேருஸ்' ஆகப் போய், பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்துவிட்டது. அங்கேயும் சுவைப் பொருள் உடனே சாகவில்லை. 1785இல் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர், சிறுவர் வேலியோரத்தில் பிடுங்கித் தின்கிற ஒரு காட்டுப்பழத்துக்கு இந்த அடைமொழியைப் போட்டிருக்கிறார். துறவிகளின் கடும் விரதம், அலங்காரம் இல்லாத கட்டடம், அரசாங்கத்தின் செலவுக்குறைப்பு எல்லாம் அந்த வறண்ட வாயில் இருந்து ஒவ்வொன்றாகக் கிளைத்தவை. காசுப் பொருள் ஆகக் கடைசியில் வந்தது.

சோழகம்:
அப்ப அவுஸ்திரேலியாவும் உதுக்குள்ளையோ ஐயா? அங்கையும் நடுவில வறண்ட பாலைவனம்தானே 😀

குளக்கட்டு:
இல்லை. கேட்க ஒன்றுபோல இருந்தாலும் அது வேறு குடும்பம். லத்தீனில் 'அவுஸ்தர்' என்றால் தென்திசைக் காற்று. தெற்கில் இருக்கிற நிலம் என்ற கணக்கில் அவுஸ்திரேலியா. ஒஸ்திரியா இன்னொன்று, அது ஜேர்மன் மொழியில் 'கிழக்கு அரசு'.

உங்கள் புனைபெயரைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. எங்களுக்கும் ஆடியில் தென்மேற்கால் வருகிற சோழகம்தானே குளத்தையும் வயலையும் சேர்த்து உலர்த்துகிறது. ஆனால் அதை வைத்து லத்தீன் காற்றுக்கும் கிரேக்கக் காய்க்கும் கலியாணம் பேச முடியாது.

பாலைப்பழம்:
நான் அறிவியல்நகரில விவசாயபீட மாணவி. ஐயா சொன்ன 'வாயை வறட்டுகிற சுவை'க்குப் பின்னால இருக்கிற கதையைச் சொல்லுறன்.

அந்தச் சுவைக்குக் காரணம் தனின் எண்ட பொருள். பாக்கு, கடுக்காய், நாவற்பழம், முத்தாத வாழைக்காய், மாதுளங்கோது, கடும் சாயத்தேத்தண்ணி எல்லாத்திலயும் இருக்கு. எங்கட உமிழ்நீர் வழுவழுப்பா இருக்கிறதுக்கு அதில இருக்கிற சில புரதங்கள் காரணம். தனின் போய் அந்தப் புரதங்களைப் பிடிச்சுத் திரளப் பண்ணும். வழுவழுப்புப் போனதும் நாக்கும் கன்னமும் ஒண்டோட ஒண்டு உரசும். அந்த உரசல்தான் கயர்ப்பு. வாயில தண்ணி இருந்தாலும் வறண்டமாதிரி இருக்கும். அதாலதான் மேல்நாட்டு உணவு விஞ்ஞானத்தில இதைச் சுவைக்கணக்கில சேர்க்கிறேல்லை. இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு, உமாமி (இறைச்சிச்சாற்று ருசி) எண்டு அஞ்சோட நிப்பாட்டிப்போட்டு, கயர்ப்பைத் தொடுகை உணர்வு எண்டு வேற பெட்டிக்குள்ள போட்டிட்டினம். எங்கட அறுசுவையில அதுக்குச் சரிக்குச் சமனா ஒரு கதிரை இருக்கு.

செய்து பாருங்கோ. நாவற்பழம் நாலைஞ்சை ஒண்டாப் போட்டுச் சப்பிப்போட்டு, நாக்கு நுனியால மேல்வாயைத் தடவுங்கோ. பட்டுச்சீலை மாதிரி இருந்த இடம் அரம் மாதிரி இருக்கும். அதுதான் ஐயாவின்ரை கிரேக்கச் சொல். (என்ரை பேரில இருக்கிற பழத்தை இதுக்குள்ள இழுக்காதேங்கோ. நல்லாப் பழுத்த பாலைப்பழம் தேன். அது உதட்டை ஒட்டுறது பாலால, கயரால இல்லை.)

நெடுங்கேணி நேசன்:
தங்கச்சி, நாக்கு விஞ்ஞானம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இரண்டாயிரம் வருசத்துக்கு முந்திக் கிரேக்கன் எந்தக் காயைக் கடிச்சவன் எண்டது இண்டைக்கு மொழிபெயர்க்கிறவனுக்கு எதுக்கு? சொல்லுக்கு இண்டைக்கு என்ன பொருளோ அதைத்தானே எழுதவேணும்.

குளக்கட்டு:
பாதி சரி. வேர்தான் பொருள் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் முறிகண்டியான் கேட்டது மூன்று பொருளையும் கட்டியிருக்கிற நார் எது என்று. அந்த நார் உலர்வு. ஈரமும் பசையும் இனிப்பும் எடுபட்ட நிலை. கிழவரிடம் சிரிப்பு இல்லை, மண்டபத்தில் சித்திரம் இல்லை, வரவுசெலவில் மானியம் இல்லை.

இந்தச் சொல்லின் உறவினர் எங்கள் பக்கமும் இருக்கிறார்கள். இந்தோ ஐரோப்பிய மூதாதை மொழியில் உலர்வைக் குறித்த ஒரே அடியில் இருந்து வந்தவைதான் கிரேக்க 'அவொஸ்', சமஸ்கிருத 'சுஷ்க', பாரசீகக் 'குஷ்க்', இந்தியில் காய்ந்ததைச் சொல்லும் 'சூக்கா', ஆங்கிலச் சமையல்காரர் இறைச்சியைச் சட்டியில் வாட்டுவதற்குச் சொல்லும் 'சியர்' எல்லாம். லித்துவேனிய மொழியில் தை மாதத்துக்குப் பெயரே 'உலர்ந்தது' என்ற பொருளில்தான் இருக்கிறது.

சோழகம்:
சுக்கு?

குளக்கட்டு:
கேட்பீர்கள் என்று தெரியும். சுக்கை 'சுஷ்க'த்தோடு சேர்ப்பவர்களும் உண்டு, தனித்தமிழ் என்று மறுப்பவர்களும் உண்டு. அதில் இறங்கினால் இந்த இழை பொங்கல்வரை போகும்.

மடுவீதி:
சுவையில இருந்து மனிசனுக்குத் தாவின இடத்துக்கு நல்ல உதாரணம் வேதாகமத்தில இருக்கு. எசமான் வேலைக்காரரிட்டைக் காசைக் குடுத்திட்டுப் போய், திரும்பிவந்து கணக்குக் கேக்கிற உவமை. லூக்கா 19ஆம் அதிகாரம். காசைச் சும்மா பொத்தி வைச்சிருந்த வேலைக்காரன் எசமானைப் பார்த்து, நீர் இப்பிடிப்பட்ட ஆள் எண்டு பயந்தனான் எண்டு சொல்லுற இடத்தில கிரேக்க மூலத்தில 'அவுஸ்தேரொஸ்'தான் கிடக்கு. புதிய ஏற்பாட்டில அந்தச் சொல் வாறது அந்த உவமைக்குள்ள மட்டும்தான். 1611இல வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு அதை அப்பிடியே ஒஸ்ரியர் எண்டு வைச்சிட்டுது.

இதே சாயலில மத்தேயு 25இலயும் ஒரு உவமை இருக்கு. அங்கை கிரேக்கத்தில வேற சொல், 'ஸ்க்ளேரொஸ்'. ஆங்கிலத்தில அதுக்கு வேற சொல் போட்டிருக்கினம். எங்கட பழைய தமிழ் வேதாகமத்தில ரெண்டு இடத்திலயும் 'கடினமுள்ள மனுஷன்' எண்டு ஒண்டாக்கிப் போட்டினம். கத்தோலிக்கர் நாங்கள் இப்ப வாசிக்கிற திருவிவிலியத்தில லூக்காவுக்குக் 'கண்டிப்புள்ளவர்'. மத்தேயுவுக்குக் 'கடின உள்ளத்தினர்'. பிரிச்சுப் பார்த்திருக்கினம் எண்டு சந்தோசம். முறிகண்டியான் அண்ணை, உங்கட கிழவருக்குக் 'கண்டிப்பான' எண்டதே காணும்.

குளக்கட்டு:
மடுவீதி, ஒரு சுவையான சேர்க்கை. அந்த 'ஸ்க்ளேரொஸ்'ஸும் உலர்வில் பிறந்ததுதான். கிரேக்கத்தில் 'வற்றிக் காய்ந்துபோதல்' என்ற வினையில் இருந்து வருகிறது. அதே வினையின் இன்னொரு பிள்ளைதான் ஆங்கிலத்தில் எலும்புக்கூட்டைச் சொல்லும் ஸ்கெலிற்றன். ஆக இரண்டு சுவிசேஷகரும் அந்த எசமானைக் காயவைத்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

லண்டன் வவுனியன்:
கனகாலம் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதில எழுதாமல் இருக்கேலாது. நேசன் சொல்லுற காசுப் பொருளுக்கு ஊர் இங்கிலாந்துதான்.

ரெண்டாம் உலக யுத்தம் நடக்கேக்கை 1942இல துணிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தவை. ஆம்பிளையளின்ரை கால்சட்டைக் கீழ்மடிப்புக்குத் தடை, பொக்கற்றுக்கும் தெறிக்கும் கணக்கு. அந்த உடுப்புக்குப் பேர் ஒஸ்ரெரிற்றி உடுப்பு. யுத்தம் முடிஞ்ச பிறகு நிலைமை இன்னும் இறுகினது. யுத்தம் நடந்த காலத்தில பாணுக்குப் பங்கீடு இல்லை, 1946இல இருந்து 1948வரைதான் பாணுக்கு அட்டை! பங்கீடு முழுசா முடிஞ்சது 1954 யூலையில. 1948 லண்டன் ஒலிம்பிக்கிலும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டுது. புது விளையாட்டரங்கும் கட்டேல்லை, வெளிநாட்டு வீரர்களுக்குக் கிராமமும் கட்டேல்லை, படைமுகாமிலயும் கல்லூரியிலயும் படுக்கவைச்சவை. நிதியமைச்சரா இருந்த ஸ்ராபோர்ட் கிரிப்ஸ் எண்டவர் தானும் மரக்கறிச் சாப்பாடு, ஊருக்கும் அரைவயிறு. அவரைப் பார்த்தால் சொல்லின்ரை பழைய பொருளும் புதுப்பொருளும் ஒரே ஆளில நிண்டமாதிரி.

பிறகு 2010இல திரும்பவும் வந்தது. கிரேக்கம் கடனில விழுந்த வருசம். அமெரிக்காவின்ரை மெரியம் வெப்ஸ்ரர் அகராதி அந்த வருசத்தின்ரை சொல்லா ஒஸ்ரெரிற்றியைத் தெரிவுசெய்தது. சொல்லைப் பெத்த நாட்டுக்கே அதைத் திருப்பி அனுப்பியிருக்கினம், வட்டியோட. இங்கை நான் இருக்கிற பக்கத்தில வாசிகசாலையைப் பூட்டினது அந்தக் காலத்திலதான்.

முத்தையன்கட்டு அக்கா:
வாசிச்சுக்கொண்டு வாறன். நேசன் தம்பி 'சிக்கனம்' எண்டு சொல்லுறதைப் பற்றி ஒரு வார்த்தை.

1970களில சிறிமா அம்மையார் ஆட்சியில கொழும்பில பாணுக்கு விடியவெள்ளனவே வரிசை. மிளகாய், வெங்காய இறக்குமதியை மறிச்சுப்போட்டினம். அதே நேரம் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படிச்ச வாலிபர் திட்டத்தில காணி எடுத்த பெடியள் செத்தல் மிளகாய் வித்துக் கல்வீடு கட்டினவை, உழவு மெசின் வாங்கினவை. எங்கட அப்பாவும் அதில ஒருத்தர். தெற்கில பஞ்சம், இஞ்சை கொண்டாட்டம். ஒரே சட்டம்தான்.

பிறகு யுத்தகாலத்தில அரசாங்கம் வன்னிக்குப் போட்ட பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய் இல்லை, பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, சீமெந்து இல்லை, சவுக்காரம்கூடக் கள்ளமாத்தான். 2002இல ஏ9 வீதி திறக்குமட்டும் உதுதான் வாழ்க்கை. அப்ப எங்களிட்டை 'சிக்கன விளக்கு' எண்டு ஒண்டு இருந்தது. இப்பத்தைப் பிள்ளையளுக்குத் தெரியாது. ஜாம் போத்தல் ஒண்டு எடுக்கிறது. அடியில கொஞ்சம் பஞ்சு. பஞ்சு நனையுற அளவுக்குத்தான் மண்ணெண்ணெய், அதுக்குமேல ஒரு சொட்டும் இல்லை. சைக்கிள் ரியூப்பின்ரை பழைய வால்வுக் கட்டைக்குள்ளால நூல்திரியைக் கோத்து, அந்தப் பஞ்சில குத்தி நிப்பாட்டுறது. நெருப்பு ஒரு நெல்லு அளவில நிக்கும். போத்தலுக்குள்ள எரியிறபடியால் காத்துக்கு நூராது. விடியவிடியப் படிச்சாலும் எண்ணெய் குறைஞ்சது தெரியாது. அதில படிச்சுத்தான் நான் சோதினை எடுத்தனான்.

அந்த விளக்குக்குச் சிக்கனம் எண்டு பேர் வைச்சது நாங்கள். எங்கட கெட்டித்தனத்துக்கு வைச்ச பேர். எண்ணெயை மறிச்சதுக்கு ஒருத்தரும் சிக்கனம் எண்டு சொல்லேல்லை, அதுக்குத் 'தடை' எண்டுதான் பேர். இப்ப அரசாங்கம் மேல இருந்து வெட்டுறதுக்கு எங்கட விளக்கின்ரை பேரைக் குடுக்கிறது எனக்குக் கொஞ்சம் எரியும். சிக்கனம் எண்டது இருக்கிறவன் தன்ரை கையைத் தானே இறுக்கிறது. அடுத்தவன்ரை கையைப் பிடிச்சு முறுக்கிறது வேறை.

பாலைப்பழம்:
அக்கா ❤️ எங்கட அம்மாவும் அந்த விளக்கைப் பற்றிச் சொல்லுறவா.

நெடுங்கேணி நேசன்:
அக்கா, உங்கட கோபம் விளங்குது. ஆனாலும் சொல்லை விட்டுக்குடுக்க மாட்டன். 'சிக்கனம்' எண்ட சொல்லின்ரை பழைய பொருளே இறுக்கம்தான். மணிவாசகர் 'சிக்கெனப் பிடித்தேன்' எண்டு பாடினது காசு மிச்சம்பிடிக்கவோ? இறுக்கிப் பிடிச்சன் எண்டுதானே. முதல் இறுக்கம், பிறகுதான் செட்டு. அப்ப இறுக்கிறது ஆர் எண்டு சொல் சொல்லாது, நீங்கள்தான் முன்னால போடவேணும். 'அரசின் சிக்கன நடவடிக்கை' எண்டால் அரசு இறுக்குது. 2023 மார்ச்சில சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி டொலர் கடனுக்கு ஒப்புக்கொண்டு, 2024 தை பிறக்க வற் வரி 18 வீதமானது. அந்த இறுக்கத்தைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் எது? சனத்துக்கும் விளங்குது.

முத்தையன்கட்டு அக்கா:
வரியைக் கூட்டுறது எப்பிடித் தம்பி சிக்கனம் ஆகும்? அது என்ரை காசை எடுக்கிறது.

நெடுங்கேணி நேசன்:
ஆங்கிலத்திலயும் அப்பிடித்தான் அக்கா. செலவைக் குறைக்கிறதையும் வரியைக் கூட்டுறதையும் சேர்த்துத்தான் அந்தப் பேர். அவையும் பூசி மெழுகித்தான் சொல்லுகினம்.

லண்டன் வவுனியன்:
இதில அக்கா பக்கம்தான் நான். 'சிக்கனம்' எண்டு எழுதினால் வாசிக்கிறவன் அது நல்ல பழக்கம் எண்டு எடுப்பான். ஒஸ்ரெரிற்றி எண்டு கேக்கேக்கை ஆங்கிலேயனுக்கு வாய் கயர்க்கும். அந்தக் கயர்ப்புத் தமிழில காணாமல் போகுது. 'கடுஞ்சிக்கனம்' எண்டாவது போடலாம்.

குளக்கட்டு:
'கடுஞ்சிக்கனம்' மோசமில்லை. இப்போது நான் முதலே சொல்ல நினைத்த இடத்துக்கு வருகிறேன்.

கிரேக்கத்தில் உலர்வும் கயர்ப்பும் ஒரு சொல்லில் கூடியதை ஏதோ அதிசயம் என்று எடுக்கவேண்டாம். எங்கள் 'துவர்' அதையேதான் செய்கிறது. துவர் என்றால் ஆறு சுவையில் ஒன்று, எல்லோருக்கும் தெரியும். ஆனால் துவர்தல் என்பதற்குப் பழைய பொருள் உலர்தல். முழுகிவிட்டுத் தலையைத் 'துவட்டு' என்கிறோமே, அதன் பழைய வடிவம் 'துவர்த்து'. மலையாளத்தில் 'தோர்த்து' என்று இன்றைக்கும் இருக்கிறது, தலை துடைக்கிற துண்டுக்கு அதுதான் பெயர். நாங்கள் போர்த்துக்கேயனிடம் 'துவாய்' வாங்கிக்கொண்டு அதை விட்டுவிட்டோம். கிரேக்கமும் தமிழும் ஒன்றிடம் ஒன்று கடன் வாங்கவில்லை. நாக்கு ஒன்று, அதனால் வந்த சொல்லும் ஒரே வழியில் போயிருக்கிறது.

இன்னும் இருக்கிறது. கிரேக்கச் சொல் சுவையில் இருந்து துறவிக்குப் போனது என்றேன். துவரும் அங்கேயேதான் போயிருக்கிறது. சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டைப் பாருங்கள், புத்தரையும் சமணரையும் சாடுகிற இடத்தில் 'துவராடை' அடிக்கடி வரும். துவர் ஊட்டிய ஆடை. கடுக்காய்போன்ற துவர்ப்பான காய், பட்டைகளில்தானே சாயம் இறக்கினார்கள். சமஸ்கிருதத்தில் 'கஷாய' என்றால் துவர்ப்பு. எங்கள் வீட்டுக் கசாயமும் அதுதான், துறவியின் காஷாயமும் அதுதான். பாளியில் பிக்குவின் ஆடை 'காசாவ'. வாயை வறட்டுகிற பட்டையில் இருந்து ஆசையை வறட்டுகிற ஆளுக்கு மூன்று மொழியும் போய்ச் சேர்ந்திருக்கின்றன. கிரேக்கம் குணத்தின் வழியாகப் போனது, மற்ற இரண்டும் சாயத்தொட்டி வழியாகப் போயின. ஆங்கிலேயர் எங்கள் நூல்களை மொழிபெயர்த்தபோது 'தபஸ்' என்ற சொல்லுக்கு எதைப் போட்டார்கள் தெரியுமா? ஒஸ்ரெரிற்றிதான், அதுவும் பன்மையில்.

மடுவீதி:
ஐயா, கசாயமும் காஷாயமும் ஒண்டு எண்டு இண்டைக்குத்தான் அறிஞ்சன். பேதிக்குக் குடிச்ச கசாயத்துக்கு இனிமேல் மரியாதை குடுக்கவேணும்.

முறிகண்டியான்:
எல்லாருக்கும் நன்றி. இதுவரை எடுத்தது இது: கிழவருக்குக் 'கண்டிப்பான'. வரவுசெலவுக்கு 'கடுஞ்சிக்கன', அக்காவின்ரை ஆட்சேபத்தையும் வகுப்பில சொல்லப்போறன், பிள்ளையள் தாங்களே வாதாடட்டும். மண்டபம்தான் இன்னும் இடறுது. 'ஆடம்பரமற்ற' எண்டால் என்னவோ ஏழை வீடுமாதிரிக் கிடக்கு.

முத்தையன்கட்டு அக்கா:
தம்பி, எங்கட குளக்கட்டு ஐயனாரை நினையுங்கோ. (புனைபெயர்க்காரரை இல்லை 😀) ஒரு மருதமரம், கீழ ஒரு கல்லு, ஒரு சூலம். கோபுரம் இல்லை, மணி இல்லை. ஆனா அங்கை ஏதும் குறையிது எண்டு ஒருத்தரும் நினைக்கிறேல்லை. வருசத்துக்கு ஒருக்காப் பொங்கி வைச்சிட்டு வாறம், செருப்பைத் தூரத்திலயே கழட்டிப்போட்டுத்தான் கிட்டப் போறம்.

குளக்கட்டு:
சரியாகச் சொன்னீர்கள் பிள்ளை. கட்டடத்துக்கு இந்தச் சொல் வரும்போது பெரும்பாலும் புகழ்ச்சிதான். ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் சிஸ்ரேர்சியன் துறவிகள் தங்கள் மடாலயங்களில் சிலை, வண்ணக்கண்ணாடி எல்லாம் வேண்டாம் என்று வெறுங்கல்லிலேயே கட்டினார்கள். காசில்லாமல் இல்லை, வேண்டாமென்று. அதைப் பார்த்துச் சொல்கிற ஒஸ்ரியருக்குள் ஒரு மதிப்பு இருக்கிறது. 'எளிமை' என்றால் மென்மையாகிவிடும், 'வெறுமை' என்றால் பழிப்பாகிவிடும். 'கண்டிப்பான எளிமை' என்று இரண்டு சொல்லில் எழுதலாம். ஒரு சொல்லுக்கு ஒரு சொல்தான் வைக்கவேண்டும் என்று யார் சட்டம் போட்டது?

சோழகம்:
சூனியமாக் கிடக்கிற மண்டபம் எண்டால்?

பாலைப்பழம்:
அதுக்கு வேற சொல், பிளீக். அது வெளிறலில இருந்து வந்தது எண்டு வாசிச்சிருக்கிறன், ஐயா சரியோ?

குளக்கட்டு:
சரி பிள்ளை. பழைய நோர்ஸ் மொழியில் 'வெளிறிய' என்ற பொருள். துணி வெளுக்கிற பிளீச்சும் அதே குடும்பம். நிறம் போய், மறைப்பும் போய், காற்றுக்கு முன்னால் நிற்கிற இடம். அதற்கு எங்களிடம் அச்சொட்டாக 'வெட்டை' இருக்கிறது. ஆவணியில் மாடும் இல்லாமல் மரமும் இல்லாமல் கிடக்கிற தரவையைப் பார்த்தால் எந்த அகராதியும் வேண்டாம். பாலைத்திணை என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது முழுக்கப் பொருந்தவில்லை. சிலப்பதிகாரம் சொல்கிற பாலை முல்லையும் குறிஞ்சியும் கோடையில் திரிந்து வருவது. மழை வந்தால் திரும்பிவிடும். பிளீக் என்றால் திரும்பும் என்ற நம்பிக்கையும் இருக்காது.

லண்டன் வவுனியன்:
அப்பிடியே ஸ்ராக் எண்டதையும் முடிச்சு விடுங்கோ ஐயா. அதுவும் இந்தக் கடுமைக் கூட்டம்தானே. இங்கை ஆக்கள் முழு அம்மணத்தை ஸ்ராக் நேக்கிற் எண்டுதான் சொல்லுறவை. கடுமையான அம்மணமோ?

குளக்கட்டு:
ஸ்ராக் பழைய ஆங்கிலத்தில் விறைத்தது, உறுதியானது. ஜேர்மன் மொழியில் இன்றைக்கும் பலசாலி என்றுதான் பொருள். சட்டைக் கழுத்துக்குப் போடுகிற கஞ்சிப்பசையை ஆங்கிலத்தில் ஸ்ராச் என்பார்களே, அதுவும் விறைக்க வைப்பதால் வந்த பெயர். உலர்வில் இருந்து ஒன்று, வெளிறலில் இருந்து ஒன்று, விறைப்பில் இருந்து ஒன்று.

ஆனால் நீங்கள் கேட்ட அம்மணத்துக்கும் இதற்கும் ஆதியில் தொடர்பு இல்லை. முதலில் அது 'ஸ்ராட் நேக்கிற்'. ஸ்ராட் என்றால் பழைய ஆங்கிலத்தில் வால், பின்புறம். பின்புறம்வரைக்கும் அம்மணம் என்றுதான் சொன்னார்கள். ஸ்ராட் என்பதன் பொருள் மறந்துபோன பிறகு, பக்கத்தில் கிடந்த ஸ்ராக்கை எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். அந்தப் பழைய வால் ஆங்கிலத்தில் ஒரு சின்னக் குருவியின் பெயரில் மட்டும் தப்பிக் கிடக்கிறது. ரெட்ஸ்ராட், செவ்வால் குருவி.

சோழகம்:
முறிகண்டியான் அண்ணை, உதை வகுப்பில சொல்லுறதெண்டால் கடைசிப் பாடத்துக்கு வையுங்கோ. பிறகு ஒருத்தரும் படிக்கமாட்டினம்.

முறிகண்டியான்:
குருவியை மட்டும் சொல்லலாம் எண்டு யோசிக்கிறன்.